டைட்ரேஷன்ல, அதாவது ஒரு கரைசல்ல இன்னொன்ன சொட்டு சொட்டா விட்டு செறிவு கண்டுபிடிக்கிற லேப் சோதனைல, உங்களுக்கு எங்க சொதப்புச்சு?

நான் முதல்ல சொல்றேன். ப்ளஸ் டூ பப்ளிக் ப்ராக்டிகல்ல எனக்கு விழுந்தது ஆக்ஸாலிக் ஆசிட், கணக்கு தலைகீழா தெரியும்ங்கிற தெம்புல போனேன். எப்.ஏ.எஸ்ஸுக்கும் (ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட், செறிவு தெரிஞ்ச கரைசல்) ஊதா கலர் பர்மாங்கனேட்டுக்கும் நடக்குற முதல் டைட்ரேஷனுக்கு சூடே வேண்டாம், 20 மில்லி 0.1 நார்மல் (நார்மல்ங்கிறது செறிவோட அளவு) எப்.ஏ.எஸ்ஸுக்கு பர்மாங்கனேட் 19.6 மில்லி இறங்குச்சு. அதே வேகத்துல ஆக்ஸாலிக் ஆசிட்டையும் சூடு பண்ணாம வச்சு பர்மாங்கனேட் இருக்குற ப்யூரெட்ட (அளவு போட்ட கண்ணாடிக் குழாய்) திறந்தா நாலு சொட்டுலயே ரோஸ் கலர் அப்படியே நிக்குது, ஆஹா எண்ட் பாயின்ட் (ஆசிட் முழுசா தீர்ந்து நிறுத்த வேண்டிய இடம்) வந்துருச்சுன்னு 0.2 மில்லினு எழுதிட்டேன்! பக்கத்து டேபிள்ல எல்லாம் 18 சொச்சம். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்து குடுவையத் தொட்டுப் பாத்துட்டு "ஏம்ப்பா, ஜில்லுனு இருக்கு?"ன்னாரு. அப்பதான் உறைச்சுது. சூடு இல்லாம இருந்தா அந்த ரியாக்‌ஷன் ஆரம்பத்துல நகரவே நகராது, கொஞ்சம் மாங்கனீஸ் அயனி உருவான பிறகு அதுவே வேகத்தக் கூட்டிவிடும், அதுக்குத்தான் 60, 70 டிகிரிக்கு சூடு பண்ணச் சொல்றது. திரும்ப செஞ்சேன், 18.4. பர்மாங்கனேட் 20 × 0.1 / 19.6 = 0.102 நார்மல், ஆசிட் 18.4 × 0.102 / 20 = 0.0938, அத ஆக்ஸாலிக் ஆசிட்டோட ஈக்விவலன்ட் எடை 63ஆல பெருக்குனா லிட்டருக்கு 5.91 கிராம். கை நடுக்கத்துல பெருக்கலையே மூணு தடவ போட்டேன்.

---

நீங்க சூட்டுல மாட்டுனீங்க, நான் ஒரு ரெண்டுல மாட்டுனேன் ப்ரோ. எங்களுக்கு மோலாரிட்டில (லிட்டருக்கு எத்தன மோல்ங்கிற அளவு) கணக்கு. 20 மில்லி சல்ஃபியூரிக் ஆசிட்டுக்கு 0.1 மோலார் காஸ்டிக் சோடா 24 மில்லி ஆச்சு, நானும் பாட்டுக்கு எம் ஒன் வி ஒன் = எம் டூ வி டூ சூத்திரத்த (மோலாரிட்டி × கன அளவு ரெண்டு பக்கமும் சமம்) போட்டு 0.12னு எழுதி பெருசா கட்டம் வேற போட்டேன். அந்த ஆசிட்ல ரெண்டு ஹைட்ரஜன் இருக்கு, ஒரு மோலுக்கு ரெண்டு மோல் சோடா வேணும், அப்போ 0.06தான். நார்மாலிட்டில போட்டிருந்தா 0.12 சரி, அந்த ரெண்டு அதுக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும்.

---

காலேஜ் லேப்ல எனக்கு வினிகர் வந்துச்சுங்க. 10 மில்லி எடுத்து தண்ணி ஊத்தி 100 ஆக்கி, அதுல 10 மில்லிக்கு 0.1 நார்மல் காஸ்டிக் சோடா 7.9 மில்லி, பினாஃப்தலீன் (முடிஞ்சத கலர்ல காட்டுற இண்டிகேட்டர்) போட்டு லேசா பிங்க் வந்ததும் நிறுத்திட்டேன், செஞ்சதெல்லாம் கரெக்டு. 0.079 நார்மல், வினிகர்ல இருக்குற அசிட்டிக் ஆசிட்டோட ஈக்விவலன்ட் எடை 60ஆல பெருக்கி லிட்டருக்கு 4.74 கிராம், அதாவது 0.47 பர்சென்ட்னு நீட்டுனேன். பத்து மடங்கு தண்ணி கலந்தத சுத்தமா மறந்துட்டேன், உண்மையில 4.7 வரணும். மேடம் நோட்ட பாத்துட்டு கேட்டாங்க, "இது வினிகரா, ரசமா?"