மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில் பாடுவது மீனா, ஊரியா?

கல்லடிக்காரி:
எனக்கு ஒன்பது வயதிருக்கும். பூரணை இரவு. அப்பா தோணியைப் பழைய பாலத்துத் தூணுக்குக் கிட்ட நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மேல் நுனியை என் காதில் வைத்தார். "மூச்சை அடக்கு மகள்" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுகா, வீணைத் தந்தியைச் சுண்டினால் கடைசியில் ஒரு இழுவை மிஞ்சுமே, அது வந்தது. துடுப்பைக் காதிலிருந்து எடுத்தால் நின்றுவிடும், வைத்தால் திரும்ப வரும்.

அப்பா அதை மீன் என்று சொன்னதே இல்லை. "ஊரி அழுகுது" என்பார். ஊரி என்றால் வாவிக்குள் கிடக்கும் நத்தை மாதிரி ஓட்டு உயிர். ஊர் முழுக்க மீன்பாடும் தேன்நாடு என்கிறோம். எந்த மீன் என்று என் மகன் கேட்கிறான். பதில் சொல்ல அப்பா இப்போது இல்லை. போன மாதம் அவனைப் புதுப் பாலத்துக்குக் கூட்டிப் போனேன், லொறிச் சத்தம்தான் கேட்டது. உண்மையில் பாடுவது எது?

வாவிக்கரையான்:
அக்கா, உங்கள் அப்பா சொன்னது பழைய பேச்சு. 1848 இல் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி இங்கே வந்து, இரவில் தோணியில் போய்க் கேட்டிருக்கிறார். நம் மீனவர்கள் அவருக்கும் ஊரியைத்தான் எடுத்துக் காட்டினார்கள். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வரும் ஓசை போல என்று எழுதி வைத்தார். ஒரே சுரம் இல்லையாம், மெல்லியதும் தடித்ததுமாகப் பல சத்தங்கள் கலந்து வந்ததாம்.

பாலத்துத் தூணில் தண்ணீர் மோதுவதுதான் இந்தச் சத்தம் என்று சிலர் சொல்வார்கள். பழைய பாலமே 1924 இல் கட்டியது. டெனன்ட் கேட்டதோ அதற்கு 76 வருடம் முன்பு, அதுவும் கோட்டைத் துறைக்குப் பக்கத்தில். பிறகு 1950களில் அமெரிக்கக் குருவானவர் லாங் அடிகளார் நீருக்குள் ஒலிவாங்கி இறக்கிப் பதிவே செய்தார். வானொலியிலும் போனது.

ஆற்றுவாழை:
மீன் சத்தம் போடும் என்பதில் சந்தேகமே வேண்டாம். கலிபோர்னியாவில் சௌசலிட்டோ என்ற இடத்தில், 1980களில், படகு வீடுகளில் இருந்தவர்களுக்கு இரவில் ஒரு ரீங்காரத்தால் தூக்கம் போனது. கழிவுநீர்ப் பம்பு, ராணுவப் பரிசோதனை என்றெல்லாம் பழி போட்டார்கள். கடைசியில் பார்த்தால் தேரை மீன் இனத்து ஆண் மீன். உள்ளே இருக்கும் காற்றுப்பையைத் தசையால் வினாடிக்கு நூறு தடவை அளவில் அதிரச் செய்து பெட்டையைக் கூப்பிடுகிறது. ஊரிக்கு அப்படி ஒரு பை இல்லை, அதனால் என் கணக்கு மீன் பக்கம்தான். ஆனால் அந்த மீனின் சத்தம் ஒரே மாதிரி இழுபடும். இங்கே பல சத்தம் என்றால், ஒரு உயிர் மட்டும்தானா? நம் வாவியில் இன்ன உயிர்தான் என்று பிடித்துக் காட்டியவர் இன்றுவரை இல்லை.

தோணிக்காரன் மகன்:
பாலத்துக்கு மேலே நின்றால் எப்படித் தங்கச்சி கேட்கும்? கீழே இறங்குங்கள். சித்திரையிலிருந்து புரட்டாதி வரைக்கும், நிலாக் காலம், காற்று விழுந்த பிறகு, நடுச்சாமம். எஞ்சின் தோணி வேண்டாம். பிளாஸ்டிக் துடுப்பும் வேண்டாம், மரத்துடுப்பு கொண்டு போங்கள்.

கல்லடிக்காரி:
அண்ணன் சொன்னபடியே நேற்றுப் பூரணைப் போயாவுக்குப் போனோம். அப்பாவின் துடுப்பு வீட்டுக் கூரைக்குள் செருகிக் கிடந்தது, அதையே எடுத்துப் போனேன். ஒரு மணிக்குப் பிறகு மகன் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினான். "அம்மா, ரெண்டு கேக்குது. ஒண்டு தடிச்சது, ஒண்டு நூல் மாதிரி." நான் வாங்கி வைத்தேன். தடித்தது கேட்டது. அந்த நூல் மாதிரிச் சத்தம் எனக்கு எட்டவே இல்லை.

கோட்டைப் பக்கம் வலை போடுகிறவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? அடுத்த நிலவுக்கு அங்கே துடுப்பு வைத்துப் பார்க்க வேண்டும்.