மும்பை 90 அடி ரோடு குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

தம்பி: மூணாம் ஏசி கிடைக்கல. நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல ஸ்லீப்பர்தான். முதுகு போச்சு 😭

மைனி: கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னாடியே போய்ப் படுத்துக்கோ

சித்தப்பா: ஏல, ஸ்லீப்பர்ல என்ன குறைச்சல்? மெத்தை இருக்குல்லா?

தம்பி: அது மெத்தையா சித்தப்பா? ரெக்ஸின் போட்ட பலகை

சித்தப்பா: பலகைன்னா என்னன்னு உனக்குத் தெரியாது. ஆச்சிகிட்ட கேளு.

அம்மா: ஆச்சி பக்கத்துலதான் இருக்காவ. அவிய சொல்லுதத டைப் பண்ணுதேன். "தாதர்ல ஏறுனா மெட்ராஸ். அங்க எழும்பூர் போயி மறுபடி நெல்லை வண்டி. ரெண்டாம் வகுப்புன்னா வெறும் கட்டை. சமுக்காளத்த நாலா மடிச்சிப் போட்டாலும் இடுப்பெலும்பு உறுத்தும். உங்க அத்தைய வயித்துல வச்சிக்கிட்டு அப்படித்தான் ஊருக்குப் போனேன்."

அத்தை: என்னைய வச்சா? இது நான் கேட்டதே இல்ல 😳

நான்: அப்புறம் எப்போ மெத்தை வந்துச்சு?

அத்தான்: லாலு போட்டதுதானே

சித்தப்பா: லாலு மந்திரியானது 2004ல மாப்ள. நீங்க சொல்றது கரீப் ரத், அந்தக் குறைஞ்ச கட்டண ஏசி வண்டி. இது மது தண்டவதே.

தம்பி: யாரு?

சித்தப்பா: இதுதான் எனக்கு எரியுது. பம்பாய்லயே வாத்தியாரா இருந்த மனுசன். அம்பேத்கர் ஆரம்பிச்ச சித்தார்த் கல்லூரியில இயற்பியல். மகாராஷ்டிரா கடற்கரை, கொங்கண் பக்கம் ராஜாப்பூர்ல 1971லேர்ந்து வரிசையா அஞ்சு தடவை எம்.பி. சோசலிஸ்ட். எமர்ஜென்சியில பெங்களூர் ஜெயில்ல போட்டாங்க, வாஜ்பாய், அத்வானி எல்லாரும் அங்கதான். அவர் சம்சாரம் பிரமிளா எரவாடா ஜெயில்ல. ரெண்டு பேரும் ஜெயிலுக்கு ஜெயில் கடிதம் எழுதிக்கிட்டாங்க.

மைனி: அச்சோ

சித்தப்பா: 1977ல ஜனதா ஜெயிச்சதும் ரயில்வே மந்திரி. முதல் வகுப்பை இறக்க வேண்டாம், ரெண்டாம் வகுப்பை ஏத்தணும்னு நின்னாரு. மரக்கட்டை மேல ரெண்டு அங்குலம் ஸ்பாஞ்ச். அவ்வளவுதான். எல்லா வண்டிக்கும் ஒரே நாள்ல வந்துரல, கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாறுச்சு. அந்த வருசம் டிசம்பர்லயே பம்பாய்–ஹவுரா கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் விட்டாங்க, அதுல முதல் வகுப்பே கிடையாது.

அத்தான்: சரி சரி, லாலுவ வாபஸ் வாங்கிக்கிடுதேன் 🙏

அம்மா: ஆச்சி கேக்காவ, கீழ்வீட்டு அண்ணாச்சிக்கு வேலை திரும்பக் கிடைச்சது இவராலதானான்னு

சித்தப்பா: ஆமா! மறந்தே போனேன் பாரு. 1974 மே மாசம் ரயில்வே ஸ்டிரைக், இருபது நாள். வேலை போனவங்க ஏராளம். இவர் வந்த பிறகு திரும்ப எடுத்தாங்க. அன்னைக்கு அண்ணாச்சி நாம இருந்த சால் குடியிருப்பு முழுக்க ஜிலேபி கொடுத்தாரு. நான் ரெண்டு தடவை வரிசையில நின்னேன்.

அத்தை: நீ மூணு தடவை நின்னிருப்ப

சித்தப்பா: 😂 ரெண்டுதான். மூணாவது தடவை பிடிச்சிட்டாரு.

நான்: அந்தம்மா பிரமிளா என்ன ஆனாங்க?

சித்தப்பா: 1980ல பம்பாய் வட மத்தியத் தொகுதியில ஜெயிச்சாங்க. இவரும் ராஜாப்பூர்ல ஜெயிச்சாரு. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே மக்களவையில.

மைனி: எங்க வீட்ல ஒரே சோபாவுலயே ஒத்துவரல

சித்தப்பா: அப்புறம் வி.பி.சிங் ஆட்சியில நிதி மந்திரி. ஆச்சிகிட்ட சொல்லு, தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்த எடுத்தது 1990ல, இவர் காலத்துலதான்.

அம்மா: ஆச்சி சிரிக்காவ. "அதுக்கு முன்னாடி தங்கக் கட்டி வச்சிருந்தாலே குத்தம். நம்மகிட்ட எங்க கட்டி இருந்துச்சி, சட்டம் இருந்தா என்ன போனா என்ன"ங்காவ

சித்தப்பா: கொங்கண் ரயில்வே கம்பெனி தொடங்குனதும் அதே 1990தான். ஜார்ஜ் பெர்னாண்டஸ் ரயில்வே மந்திரி, இவர் கஜானா, இன்ஜினியர் ஸ்ரீதரன் வேலைக்கு. ரோஹாலேர்ந்து மங்களூர் பக்கம் வரைக்கும் சுமார் 740 கிலோமீட்டர், 1998ல முழுசாத் திறந்தாங்க. ஆனா அதுக்குள்ள, 1991லயே, அதே ராஜாப்பூர்ல மனுசன் தோத்துட்டாரு. ரயில் கேட்ட ஊரு!

அத்தான்: ஓட்டு அப்படித்தான் மச்சான்

சித்தப்பா: 2005 நவம்பர்ல இங்க மும்பையிலதான் இறந்து போனாரு. உடம்ப ஜே.ஜே. ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கச் சொல்லிட்டாரு.

அம்மா: ஆச்சி சாப்பிடப் போறாவ. தம்பி, உனக்கு மிளகாய்ப்பொடி தடவின இட்லி கட்டணுமா, தயிர்சாதமா?

தம்பி: ரெண்டும்

*வியாழன், இரவு 11:52*

தம்பி: சோலாப்பூர் தாண்டியாச்சு. நடு பெர்த். விரல் வச்சி அளந்து பாத்தேன் சித்தப்பா, ரெண்டு அங்குலத்துக்குக் கூடவே இருக்கு

சித்தப்பா: தூங்குல.