மாதம் 1,100 கிமீ ஓட்டுகிறேன், இவிக்கு, அதாவது மின்சாரக் காருக்குக் கூடப் போடும் மூன்றரை லட்சம் திரும்பி வருமா?

மேடவாக்கம்_மூணாம்மாடி:
வணக்கம். பத்து வருடம் ஓட்டிய பெட்ரோல் காரை மாற்றியே ஆக வேண்டிய நிலை. மேடவாக்கத்திலிருந்து சிறுசேரிக்கு வாரத்தில் ஐந்து நாள், போக வர 44 கிமீ, ஞாயிற்றுக்கிழமை அங்கே இங்கே என்று சேர்த்தால் மாதம் 1,100. ஊர் சங்கரன்கோவில் பக்கம். தீபாவளி, பொங்கல், கோயில் கொடை என்று வருடத்துக்கு நாலு தடவை குடும்பத்தோடு போவோம். நான் பார்த்து வைத்திருக்கும் பெட்ரோல் கார் ஆன்ரோடு 11 லட்சம், அதே அளவு இவி 14.5 லட்சம். கூடுதல் பணம் முழுக்கக் கடன்தான். ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

சிங்காநல்லூர்_இவி:
யோசிக்காமல் இவி எடுங்க. 2023 தொடக்கத்தில் 24 யூனிட் பேட்டரி உள்ள சின்னக் கார் எடுத்தேன், 58,000 கிமீ ஓடிவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு 15 ஆம்பியர் பிளக்கில் செருகிவிட்டுப் படுத்தால் காலையில் நிரம்பியிருக்கும், பெட்ரோல் பங்க் பக்கம் போயே மூன்று வருடம் ஆகிறது. சென்னையில் பெட்ரோல் 101 ரூபாய், உங்கள் டிராபிக்கில் லிட்டருக்கு 13 கிமீ கிடைத்தாலே பெரிது, ஆக கிமீக்கு 7.75 ரூபாய். எனக்கு ஒரு ரூபாய் சொச்சம்தான். ஆயில் மாற்ற வேண்டாம், கிளட்ச் பிளேட் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு சோழிங்கநல்லூர் சிக்னலில் அரைக் கிளட்ச்சில் கால் வலிக்க உட்கார்ந்தவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நாகர்கோவில்_ஒர்க்‌ஷாப்:
தம்பி, "யோசிக்காமல்" என்ற வார்த்தையை முதலில் எடுங்க. அடுத்தவர் வாங்கப் போகும் கடனுக்கு நாம் அப்படிச் சொல்லக் கூடாது. மூன்றரை லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்து வருடம் கட்டினால் வட்டி மட்டும் 85,000 தாண்டும். 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 ஆக இறங்கியது, இவிக்கு 5 சதவீதம் அப்படியே நிற்கிறது, ஆக முன்பு இருந்த விலைச் சலுகை குறைந்துவிட்டது. இன்ஷூரன்ஸில் தேர்ட் பார்ட்டிக்கு 15 சதவீதம் தள்ளுபடி உண்டுதான், ஆனால் வண்டி விலை அதிகம் என்பதால் ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டியின் சேதத்துக்கான பிரீமியம் அதைச் சாப்பிட்டுவிடும்.

இன்னொன்று, இருபத்தாறு வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவனாகச் சொல்கிறேன். போன ஆவணியில் ஒரு இவியைக் கட்டி இழுத்து வந்தார்கள். 12 வோல்ட் பேட்டரி போயிருந்தால் நானே பார்த்திருப்பேன், அது இல்லை. பானட்டைத் திறந்தால் ஆரஞ்சு நிற கேபிள்கள். அது ஹை வோல்டேஜ், அதற்கான பயிற்சியும் கருவியும் இல்லாமல் யாரும் தொடக் கூடாது, நானும் தொடவில்லை. லாரியில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பினோம், பார்ட்ஸ் வர 19 நாள் ஆனது. அந்த 19 நாளும் அந்த வீட்டம்மா பிள்ளைகளை ஆட்டோவில் பள்ளிக்கூடம் அனுப்பினார். பெட்ரோல் கார் எந்த ஊரில் நின்றாலும் கைகொடுக்க ஒரு மெக்கானிக் இருப்பான்.

தாம்பரம்_கணக்கு:
சிங்காநல்லூர் சார், "ஒரு ரூபாய் சொச்சம்" எல்லோருக்கும் பொருந்தாது. நம் ஈபி பில் இரண்டு மாதக் கணக்கு, ஸ்லாப் (யூனிட் வரம்பு) ஏற ஏற ரேட்டும் ஏறும். கேட்டவர் வீட்டில் இப்போது 380 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம், பில் 1,100 ரூபாய் பக்கம் வரும். மாதம் 1,100 கிமீ என்றால் சார்ஜிங்கில் வீணாவதையும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 355 யூனிட் கூடும். மொத்தம் 735. 500 தாண்டியதும் 101லிருந்து 200 வரை கிடைக்கும் மலிவு ரேட் போய்விடும், அதற்கு மேல் ஓடும் யூனிட் எட்டரை, ஒன்பதரை என்று போகும். பில் 4,150 பக்கம் வந்து நிற்கும். அதாவது வண்டிக்கு மட்டும் 3,050, கிமீக்கு 1.40. மே மாதம் இரண்டு ஏசி ஓடும் வீட்டில் இது இன்னும் ஏறும்.

அப்படியே வைத்தாலும் இதே 2,200 கிமீக்குப் பெட்ரோல் 17,000 ரூபாய். மாதம் 7,000 மிச்சம், வருடத்துக்கு 84,000. வட்டியோடு சேர்த்து ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும் போட்டது திரும்ப. சர்வீஸ் செலவில் மிச்சமாவதைச் சேர்த்தால் ஐந்துக்குள். பேட்டரி வாரண்டி பெரும்பாலும் 8 வருடம் அல்லது 1,60,000 கிமீ. எனவே நண்பருக்குக் கட்டுப்படியாகும். ஆனால் மாதம் 500 கிமீ மட்டும் ஓட்டும் என் மச்சானுக்கு நானே பெட்ரோல்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மேடவாக்கம்_மூணாம்மாடி:
நன்றி சார். ஒன்றை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அடுக்குமாடி, கீழே தூண்களுக்கு நடுவே ஸ்டில்ட் பார்க்கிங். பிளக் பாயின்ட் போட அசோசியேஷனில் கேட்டேன், தீப்பிடிக்கும் என்று செயலாளர் மறுக்கிறார். வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டுக்கொண்டே ஓட்டினால்?

தாம்பரம்_கணக்கு:
அப்படியென்றால் என் கணக்கைத் தூக்கிப் போடுங்க. வெளியில் யூனிட் 20, 22 என்று வாங்குகிறார்கள், கிமீக்கு மூன்றரை ரூபாய் ஆகிவிடும். வாரத்துக்கு இரண்டு தடவை முக்கால் மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும். வீட்டில் பிளக் இல்லையென்றால் நான் எடுக்க மாட்டேன்.

நாகர்கோவில்_ஒர்க்‌ஷாப்:
இதைத்தான் சொல்ல வந்தேன். அப்புறம் ஊர்ப் பயணம். சங்கரன்கோவில் 600 கிமீ. போன தீபாவளிக்கு என் தங்கை குடும்பம் சென்னையிலிருந்து இவியில் வந்தது. திருச்சி தாண்டி ஒரு சார்ஜர், காரில் செருகும் துப்பாக்கி இரண்டு, அதில் ஒன்று வேலை செய்யவில்லை, முன்னால் மூன்று கார். எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். இரண்டரை மணி நேரம் அந்த வெயிலில் பிஸ்கட்டை வைத்துச் சமாளித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ராத்திரி பன்னிரண்டு, மனுஷன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சிங்காநல்லூர்_இவி:
அண்ணே, அப்பா பட்ட கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. பண்டிகைக்கு முந்தின நாள் நெடுஞ்சாலை சார்ஜரை நம்பிக் கிளம்பக் கூடாது, நானும் ஒரு தடவை பட்டேன், இப்போது ஊருக்கு என்றால் விடிகாலை மூன்றுக்கே கிளம்பிவிடுகிறேன். ஆனால் வருடத்தில் எட்டு நாள் பயணத்துக்காக மீதி 357 நாளும் லிட்டர் 101க்குப் போட வேண்டுமா? அந்த நாலு தடவைக்கும் நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தாலும் மிச்சம்தான். நாலு நாள் ஊரில் வாடகை வண்டி வைத்துக்கொள்ளலாம்.

நாகர்கோவில்_ஒர்க்‌ஷாப்:
தீபாவளிக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்குமா தம்பி? முன்பதிவு திறந்த சில நிமிடத்தில் வெயிட்டிங் லிஸ்ட். சொந்தக் காரில் அம்மா அப்பாவை ஏற்றிக்கொண்டு போவதுதான் பலர் கார் வாங்குவதற்கே காரணம், அதை வெறும் எட்டு நாளாக எண்ணாதீங்க.

சிங்காநல்லூர்_இவி:
டிக்கெட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் பெட்ரோல் பக்கமும் நிலைமை மாறுகிறதே, இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், மைலேஜ் குறைவது எல்லோருக்கும் தெரிகிறது.

நாகர்கோவில்_ஒர்க்‌ஷாப்:
குறைகிறது, ஒப்புக்கொள்கிறேன். பழைய வண்டிகளில் ரப்பர் ஹோஸ் சீக்கிரம் போவதையும் பார்க்கிறேன். புது வண்டி அதற்கென்றே தயாராகி வருகிறது, அதை வைத்துப் பயமுறுத்த வேண்டாம்.

தாம்பரம்_கணக்கு:
மேடவாக்கம், செயலாளரிடம் தீயைப் பற்றி வாதாடாதீங்க, வயரிங்கைப் பற்றிப் பேசுங்க. எங்கள் குடியிருப்பிலும் இதே பயம்தான் இருந்தது. உங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே தனி கேபிள், லோடு மிஞ்சினால் துண்டிக்கும் தனி எம்சிபி, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர், ஒழுங்கான எர்த்திங், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் கையெழுத்து. பொது மின்சாரத்தில் ஒரு யூனிட்கூட எடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுங்க. பாயின்டைத் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் போடச் சொல்லுங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் எங்கள் ஸ்டில்ட்டில் இடுப்பளவு தண்ணீர், கீழே இருந்த சுவிட்ச் பாக்ஸ் எல்லாம் முழுகிப் போனது. அந்த மழையில் என் பெட்ரோல் கார் இன்ஜினுக்குள்ளும் தண்ணீர் ஏறி 1,40,000 செலவு, ஆக மழைக்கு எந்த வண்டியும் தப்பாது.

நாகர்கோவில்_ஒர்க்‌ஷாப்:
இது நல்ல யோசனை. பிளக் கிடைத்தால் எடுங்க தம்பி, நான் குறுக்கே நிற்கவில்லை. கிடைக்கும் முன் புக்கிங் பணம் கட்டாதீங்க.

மேடவாக்கம்_மூணாம்மாடி:
இன்று காலை டேப் பிடித்து அளந்தேன். மீட்டர் போர்டிலிருந்து என் பார்க்கிங் தூண் வரை 31 மீட்டர், நடுவில் ஜெனரேட்டர் அறைச் சுவர் ஒன்றைத் துளைக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், செயலாளரையும் நேரில் நிற்கச் சொல்லியிருக்கிறேன், வருகிறேன் என்றார். அதுவரை ஷோரூமுக்குப் பணம் கட்டவில்லை.