லம்பார்ட் பயிற்றுநராகத் தோற்றவரா? கழகத்துக்குள் சண்டை, தீர்த்து வையுங்கள்

முத்தையன்கட்டு_8

வணக்கம். நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சின்ன விளையாட்டுக் கழகம். எங்கள் உதைபந்து அணியின் நடுக்கள ஆட்டக்காரர் ஒருவர், மீளக்குடியேறிய காலத்திலிருந்து பதினைந்து வருசம் எங்களுக்காக ஆடியவர், முழங்கால் போய்விட்டதால் இந்த வருசத்தோடு பூட்ஸைக் கழற்றுகிறார். அவரையே பயிற்றுநராகப் போடுவோம் என்று நானும் இன்னும் சில பெடியன்களும் கேட்கிறோம். பொருளாளர் மட்டும் அசையமாட்டேன் என்கிறார். "நல்லாய் ஆடினவன் நல்லாய்ப் பழக்குவான் என்று எங்கே எழுதியிருக்கு? உங்கள் லம்பார்டைப் பார், செல்சியிலும் கலைத்தார்கள், எவர்ட்டனிலும் கலைத்தார்கள், திரும்பச் செல்சிக்குக் கூப்பிட்டபோது 11 ஆட்டத்தில் ஒன்றுதான் வென்றார்" என்று கூட்டத்தில் வைத்தே சொல்லிவிட்டார்.

நான் செல்சி ஆள், அதனால் என் வாயை அடைப்பது சுலபம் என்று அவருக்குத் தெரியும். நான் அந்த லண்டன் கழகத்தின் ஆளானதற்கே அங்கே நடுக்களத்தில் ஆடிய ஃபிராங்க் லம்பார்ட்தான் காரணம். 2010 ஜூன் 27, எனக்குப் பத்து வயது, கரண்ட் வரவில்லை, தகரக் கொட்டிலில் ஜெனரேட்டர் போட்டு ஒரு சின்ன ரிவியில் ஊரே இங்கிலாந்து–ஜேர்மனி ஆட்டம் பார்த்தது. இரவு ஏழரைக்குத் தொடங்கியது. இங்கிலாந்து 2-1 என்று பின்னுக்கு நிற்கும்போது லம்பார்ட் தூரத்திலிருந்து அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே விழுந்து வெளியே வந்தது. எங்கள் கொட்டிலில் இருந்த கிழவருக்கே தெரிந்தது, நடுவருக்குத் தெரியவில்லை. கடைசியில் 4-1. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில்தான் அந்த ஆளைப் பின்தொடரத் தொடங்கினேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஆட்டக்காரராக அவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. பயிற்றுநராக அவர் உண்மையில் தோற்றவரா, இல்லையா? ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அதற்கு முன் எனக்கு ஏதாவது வேண்டும்.

பனங்காய்ப்பணியாரம்

பொருளாளரின் மருமகன் யாராவது அந்த வேலைக்கு வரிசையில் நிற்கிறானா என்று முதலில் பாருங்கள் தம்பி.

சும்மா சொல்லவில்லை. லம்பார்டே அப்படிப்பட்ட பேச்சுக்குள் வளர்ந்தவர்தான். முதல் கழகமான வெஸ்ட் ஹாமில் அவர் வந்தபோது முகாமையாளர் ஹரி ரெட்னப், அதாவது அம்மாவின் இரட்டைச் சகோதரியின் கணவர். எங்கள் முறையில் சித்தப்பாவோ பெரியப்பாவோ, இரட்டையில் யார் மூத்தவர் என்று தெரிந்தால்தான் சொல்லலாம். உதவி முகாமையாளர் பெற்ற அப்பா. பிறகு சனம் சும்மா இருக்குமா? 1996இல் ரசிகர் கூட்டம் ஒன்றில் ஒருவர் எழும்பி, இவன் அவ்வளவு திறம் இல்லையே, இவனைவிட நல்ல பெடியன்களை விட்டுவிட்டீர்களே என்று கேட்டார், லம்பார்ட் பக்கத்துக் கதிரையில் இருக்கும்போதே. ரெட்னப் விட்டுக்கொடுக்கவில்லை, இவன் உச்சிக்குப் போவான் என்றார். 2001இல் செல்சி 11 மில்லியன் பவுண் கொடுத்து வாங்கியது, அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 648 ஆட்டம், 211 கோல். நடுக்களத்தில் நின்றுகொண்டு ஒரு கழகத்தின் எல்லாக் காலத்துக்குமான கூடிய கோல்காரர் ஆவது லேசான விசயம் இல்லை.

கோல்கணக்கு

பொருளாளர் சொன்ன எண்கள் எல்லாம் சரி. ஆனால் அவர் சொல்லாமல் விட்டதும் இருக்கிறது, நீங்கள் சொல்ல விரும்பாததும் இருக்கிறது. இரண்டையும் எழுதுகிறேன்.

முதல் வேலை டேர்பி, 2018-19, இரண்டாம் நிலை லீக். 46 ஆட்டம், 20 வெற்றி, 12 தோல்வி, அடித்தது 69 கோல், வாங்கியது 54. ஆறாம் இடம். தரமுயர்வுக்கான அரையிறுதியில் சொந்த மைதானத்தில் லீட்ஸிடம் 1-0 தோற்று, லீட்ஸுக்கே போய் 4-2 வென்றார்கள். வெம்பிளியில் அஸ்டன் வில்லாவிடம் 2-1 என்று போனது. அடுத்த வருசம் செல்சி. 38 ஆட்டம், 20 வெற்றி, 12 தோல்வி, அடித்தது 69, வாங்கியது 54. அச்சொட்டாக அதே எண்கள். ஒரே அட்டவணையை இரண்டு தரம் திறந்துவிட்டேனோ என்று நானே திரும்பப் பார்த்தேன். ஆனால் டேர்பி எட்டு ஆட்டம் கூட ஆடித்தான் அந்த 54ஐ வாங்கியது, செல்சி 38 ஆட்டத்திலேயே வாங்கிவிட்டது. அப்படி இருந்தும் நாலாம் இடம் வந்து ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் மோதுகிற சம்பியன்ஸ் லீக்குக்குப் போனார்கள். அதுவும் ஹசார்ட்டை விற்றுவிட்டு, புதிதாக ஆள் வாங்கத் தடை இருந்த நேரத்தில், மவுண்ட், ஏப்ரஹாம், தொமோரி, ரீஸ் ஜேம்ஸ் என்று கழகத்திலேயே வளர்ந்த பெடியன்களை வைத்து. இது பொருளாளர் சொல்லாமல் விட்டது.

உங்களுக்குப் பிடிக்காதது இது. தடை போனது, 2020 கோடையில் 200 மில்லியன் பவுணுக்கு மேல் கொட்டி வேர்னர், ஹவேர்ட்ஸ் என்று வாங்கினார்கள், ஆறு மாதத்தில் எல்லாம் குழம்பியது. 2021 ஜனவரி 25 லம்பார்டை அனுப்பினார்கள். அவருக்குப் பதிலாகத் துக்கெல் பயிற்றுநராக வந்து அதே ஆட்களை வைத்து, பின்னுக்கு மூன்று பேரை நிறுத்தி, நாலு மாதத்தில் போர்ட்டோவில் மன்செஸ்டர் சிட்டியை 1-0 வென்று சம்பியன்ஸ் லீக்கைத் தூக்கினார். ஆள் அதே, சட்டை அதே. இதற்கு லம்பார்ட் ரசிகர் யாரும் இன்றுவரை எனக்கு ஒழுங்கான பதில் சொன்னதில்லை.

என் கணிப்பு ஒன்று உண்டு. லம்பார்ட் பெட்டிக்குள் பிந்திப் போய்ச் சேரும் ஆள். எல்லோரும் உள்ளே போன பிறகு, யாரும் பார்க்காத நேரம் பார்த்துப் போவார், பந்து அவர் காலுக்கே வரும். 2009-10இல் லீக்கில் மட்டும் 22 கோல் அப்படித்தான். ஆனால் அந்த முதல் வருசங்களில் அவர் முன்னுக்கு ஓடும்போதெல்லாம் பின்னுக்குத் தடுக்கிற நடுக்கள ஆட்டக்காரர் மக்கலேலே நின்றார். அந்த இடத்தில் பள்ளம் விழாது என்று தெரிந்துதான் இவர் ஓடினார். பயிற்றுநரானதும் பதினொரு பேரையும் தன்னைப்போல ஓடவிட்டார், பின்னுக்கு நிற்கிற ஆளை மறந்துவிட்டார் போல.

ஏ9_பயணி

அதெல்லாம் சரி, லிவர்பூலில் ஆடிய ஜெரார்டை ஏன் விட்டீர்கள்? அவரும் நடுக்களம், அவரும் 2018இல்தான் தொடங்கினார். ஸ்கொட்லாந்தின் ரேஞ்சர்ஸில் மூன்றாவது பருவம், 2020-21, 38 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்கவில்லை, வாங்கியது 13 கோல்தான். லம்பார்ட் பயிற்றுநராக டேர்பியிலோ செல்சியிலோ எவர்ட்டனிலோ ஒரு கிண்ணமும் தூக்கவில்லை. பொருளாளர் பக்கம் நியாயம் இருக்கிறது.

கோல்கணக்கு

அதே ஜெரார்டை அஸ்டன் வில்லா ஒரு வருசம் முடிவதற்கு முன் அனுப்பியது, பிறகு சவூதியில் ஒன்றரை வருசம். நடுக்களத்தில் ஆடியவன் பயிற்றுநராக உருப்படமாட்டான் என்றால் பெரிய பயிற்றுநர்களான அன்செலோட்டியையும் குவார்டியோலாவையும் எங்கே வைப்பது? இரண்டு பேருமே நடுக்களம்தான். ஒரு வித்தியாசம், அவர்கள் இரண்டு பேரும் பந்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற ஆட்கள், முழு ஆட்டத்தையும் பின்னுக்கு நின்று பார்த்தவர்கள்.

இரணைமடுக்காரன்

லண்டனுக்கு வெளியே இருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் கிளிநொச்சி. எல்லோரும் செல்சியோடு நின்றுவிட்டீர்கள், அதற்குப் பிறகு அவர் போன கொவென்ட்ரியைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே.

எவர்ட்டனைப் பற்றி ஒரு வரி. 2022 ஜனவரி கடைசியில் போனார், மே 19 கிறிஸ்டல் பலஸுக்கு எதிராக இடைவேளையில் 2-0 பின்னுக்கு நின்று 3-2 வென்று தரமிறங்காமல் தப்பினார்கள். அடுத்த ஜனவரியில் கலைத்தார்கள். அந்தக் கழகம் அந்தக் காலத்தில் யாரைத்தான் வைத்திருந்தது? 2023இல் திரும்பச் செல்சிக்குப் போனது மட்டும் அவர் செய்த பிழை. எரிகிற வீட்டுக்குள் ஒரு மாதத்துக்கு வாடகைக்குப் போனது போல.

2024 நவம்பர் 28 கொவென்ட்ரி அவரை எடுத்தது. அப்போது இரண்டாம் நிலை லீக்கில் 17ஆம் இடம். எனக்கு அந்தக் கழகத்தில் ஒரு பாசம் உண்டு, காரணத்தைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். 1987இல் எஃப்.ஏ. கிண்ணம் வென்ற கழகம், 2001 வரை 34 வருசம் தொடர்ந்து முதல்நிலை லீக்கில் இருந்த கழகம், பிறகு விழுந்து விழுந்து நாலாம் நிலைவரை போனது. இடையில் வாடகைத் தகராறில் சொந்த ஊர் மைதானமே இல்லாமல் போய், ஒரு பருவம் முழுக்க நோர்தம்ப்டனில் ஆடினார்கள், பிறகு 2019இலிருந்து இரண்டு பருவம் பேர்மிங்காமில். ஊர்ப் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு அடுத்த ஊர் மைதானத்தில் 'சொந்த மைதான ஆட்டம்'. இடம்பெயர்ந்த ஊர்க் கழகங்கள் அகப்பட்ட வெளியில் கம்பு நட்டு ஆடியதைப் பார்த்தவன் நான். இரண்டும் ஒன்றல்ல, தெரியும், ஆனாலும் அந்தக் கதையை முதலில் கேட்டபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவர்களைத் தூக்கி நிறுத்தியவர் மார்க் ரொபின்ஸ், ஏழு வருசத்துக்கு மேல் இருந்தவர். சனத்துக்கு அவர் கடவுள் மாதிரி. அவரை அனுப்பிவிட்டு லம்பார்டைக் கொண்டுவந்தபோது இங்கே ஒருவருக்கும் பிடிக்கவில்லை, பேருக்காக எடுத்தார்கள் என்றுதான் கதைத்தார்கள். ஆனால் மனிதன் பெரிய வாய் விடாமல் வேலையைப் பார்த்தார். 17இலிருந்து ஐந்தாம் இடம். 2025 மே மாதம் தரமுயர்வு அரையிறுதியில் சண்டர்லாந்திடம், மேலதிக நேரமும் முடிகிற கட்டத்தில், 122ஆவது நிமிடத்தில் ஒரு தலைக்கோல் வாங்கிப் போனார்கள். அன்றிரவு எங்கள் கடையில் வேலை செய்கிற கொவென்ட்ரிக்காரன் ஒருவன் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நிலத்தில் இருந்துவிட்டான். ஆனால் அவன்கூட லம்பார்டைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

பழைய_விசில்

நான் பாடசாலைப் பெடியன்களைப் பழக்குகிறவன், இருபது வருசமாக. லம்பார்டைவிட உங்கள் அண்ணையைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது.

லம்பார்ட் செய்த பிழை பயிற்றுநரானது இல்லை, ஒரே ஒரு வருசம் டேர்பியில் இருந்துவிட்டுச் செல்சிக்குப் போனது. கூப்பிட்டது சொந்த வீடு, யார்தான் மாட்டேன் என்பான், நானும் போயிருப்பேன். ஆனால் பிழைவிட்டுப் பழக இடம் கிடைக்கவில்லை. அவர் விட்ட பிழை ஒவ்வொன்றையும் உலகமே ரிவியில் பார்த்தது. கொவென்ட்ரியில்தான் பிழைவிட்டுப் பழக நேரம் கிடைத்திருக்கிறது.

உங்கள் அண்ணையை நேரே பெரிய அணிக்குப் போடாதீர்கள். பதினேழு வயதுக்கு உட்பட்ட பெடியன்களைக் கொடுங்கள், காலபோக அறுவடை முடிந்து ஆட்டங்கள் தொடங்கும்வரை. அப்புறம் ஒன்று பாருங்கள், தான் செய்ததைப் பெடியன் செய்ய முடியாமல் நிற்கும்போது அவர் என்ன செய்கிறார் என்று. லம்பார்ட் ஆடிய காலத்தில் பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகும் மைதானத்தில் நின்று தனியாக அடித்துப் பழகுவார் என்பது ஊரறிந்த விசயம். அப்படி உழைத்து வந்தவனுக்கு, உழைக்காத பெடியனைக் கண்டால் பொறுமை இராது. நானும் அப்படித்தான் இருந்தேன், முதல் இரண்டு வருசம் கத்தியே பாதிப் பெடியன்களை வொலிபோலுக்கு அனுப்பிவைத்தேன்.

மற்றது, கோல்கணக்கு எழுதிய மக்கலேலே கதை எனக்குப் பிடித்தது. உங்கள் அண்ணையிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அவர் முன்னுக்குப் போனபோது பின்னுக்கு யார் நின்றது? உடனே பெயர் சொன்னால் ஆள் பயிற்றுநர் ஆவார். யோசித்தால் பதினேழு வயது அணியும் வேண்டாம்.

முத்தையன்கட்டு_8

எல்லோருக்கும் நன்றி. பணியாரம் அண்ணை, மருமகன் ஒருவனும் வரிசையில் இல்லை, இருந்த ஒருவனும் கனடா போய்விட்டான்.

பழைய விசில் ஐயா, நேற்றுப் பின்னேரம் அண்ணையின் வயலுக்குப் போய் நீங்கள் சொன்ன கேள்வியைக் கேட்டேன். வரம்பில் நின்றபடியே, நான் கேட்டு முடிக்க முதலே பதில் சொன்னார். 2010இலிருந்து நாலு வருசம் அவர் முன்னுக்கு ஓடும்போதெல்லாம் பின்னுக்கு நின்று வெட்டியது எங்கள் பொருளாளராம்! எனக்குத் தெரியவே தெரியாது, நான் கழகத்துக்கு வந்தபோது அவர் கணக்குப் புத்தகத்தோடுதான் இருந்தார்.

இரவு பொருளாளரிடம் போய் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "அவன் சொன்னவனே?" என்று கேட்டார். ஓம் என்றேன். "நாலு வருசம் அவன் அடித்த கோலுக்கெல்லாம் மாலை அவனுக்கு, மஞ்சள் அட்டை எனக்கு" என்றார். சம்மதம் என்று இன்னும் சொல்லவில்லை, ஆனால் பதினேழு வயது அணிக்குப் பந்து எத்தனை வேண்டும் என்று கேட்டார். எட்டுக் கேட்டேன், ஐந்துக்குத்தான் காசு இருக்கிறதாம்.

பனங்காய்ப்பணியாரம்

பத்துக் கேட்டிருக்க வேண்டும் தம்பி.