லாரித் தண்ணீர்க் கட்டணம் (குடியிருப்போர் சங்கக் குழு)

செயலாளர்: அனைவருக்கும் வணக்கம். 18 வீடுகளில் ஒரு வாரம் மீட்டர் பொருத்திப் பார்த்ததில், ஒரு வீட்டின் சராசரி நாள் செலவு 900 லிட்டர் என்று வந்துள்ளது. 108 வீடுகளுக்கும் இதையே அடிப்படையாகக் கொள்ளலாமா?

ஏ பிளாக் மாமி: எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு பேர். 900 லிட்டருக்கு நாங்கள் எதற்குக் கட்ட வேண்டும்?

கணக்கு ஆசிரியர்: அட்டவணையை இங்கே பகிருங்கள், சார்.

செயலாளர்: காவலாளி நோட்டில் கோடு போட்டுக் குறித்தது இது. 400–600 லிட்டர் 3 வீடுகள். 600–800, 8 வீடுகள். 800–1000, 5 வீடுகள். 1000–2000, 2 வீடுகள்.

கணக்கு ஆசிரியர்: 500, 700, 900, 1500 என்ற நடுமதிப்புகளை மட்டும் கூட்டி நான்கால் வகுத்ததால்தான் 900 வந்திருக்கிறது. எட்டு வீடுகள் உள்ள பிரிவுக்கும் இரண்டே வீடுகள் உள்ள பிரிவுக்கும் ஒரே மதிப்பு தரக் கூடாது. ஒவ்வொரு நடுமதிப்பையும் அந்தப் பிரிவிலுள்ள வீடுகளின் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் 14,600. அதை 18ஆல் வகுத்தால் ஏறத்தாழ 811 லிட்டர். அதிலும் கடைசிப் பிரிவு மற்றவற்றைவிட ஐந்து மடங்கு அகலமானது. அந்த இரு வீடுகளும் உண்மையில் 1050 லிட்டர்தான் செலவழித்திருந்தால், சராசரி 761க்கு இறங்கிவிடும். ஆனால் இடைநிலை அளவு, அதாவது வீடுகளைச் செலவு வரிசையில் அடுக்கினால் நட்டநடுவில் வரும் அளவு, 750 லிட்டரிலேயே நிற்கும். எத்தனை லாரி வேண்டும் என்று கணிக்கச் சராசரியும், சாதாரண வீடு எவ்வளவு செலவழிக்கிறது என்று சொல்ல இடைநிலையும் பொருந்தும்.

ஐந்தாம் மாடி சித்தப்பா: அந்த இரு வீடுகளும் தினமும் கார் கழுவுபவை.

பி பிளாக் மூலை வீடு: கார் விஷயத்தைப் போன பொங்கலன்றே பேசி முடித்துவிட்டோம். மீண்டும் கிளற வேண்டாம்.

கணக்கு ஆசிரியர்: எந்த வீடுகளை அளந்தீர்கள் என்பதே பெரிய கேள்வி.

செயலாளர்: பாரபட்சம் கூடாது என்று வரிசையாக ஒவ்வோர் ஆறாவது வீட்டையும் எடுத்தோம்.

கணக்கு ஆசிரியர்: நம் குடியிருப்பில் மாடிக்கு ஆறு வீடுகள்தானே? ஆறாவது வீடு எப்போதும் மூன்று படுக்கையறை கொண்ட மூலை வீடு. ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்றுகூட இதில் வரவில்லை. 1936இல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ், தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களை நம்பி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்றும், அதிபர் தேர்தலில் தோற்கப்போகிற லாண்டனே வெல்வார் என்றது, ரூஸ்வெல்ட் வென்றார். நமக்கு 18 மீட்டர்களே போதும். ஒற்றை அறை வீடுகள் 18, இரட்டை 72, மூன்று அறை 18 என்பதால், முறையே 3, 12, 3 வீடுகளைக் குலுக்கலில் எடுக்க வேண்டும். காவலாளி கோடு போடாமல் மீட்டர் எண்ணையே எழுதட்டும்.

ஏ பிளாக் மாமி: குலுக்கலை எல்லோர் முன்னிலையிலும் நடத்துங்கள்.

பொருளாளர்: லாரிக்காரருக்கு வெள்ளிக்கிழமை பணம் தர வேண்டும். மீட்டரை மாற்றப் பிளம்பர் ஞாயிறன்றுதான் வருவார்.

செயலாளர்: அப்படியானால் இம்மாதம் பழைய முறையிலேயே வசூலிப்போம்.

ஐந்தாம் மாடி சித்தப்பா: பழைய முறை என்றால் வீட்டுக்கு இவ்வளவு என்பதா, தலைக்கு இவ்வளவு என்பதா?