சாலிட்ஒர்க்ஸ்: நெல் கிளீனர் அசெம்பிளி திறக்க 11 நிமிடம். எங்கே கை வைப்பது?

பாபநாசம் பட்டறை:
வணக்கம். மெஷினை முப்பரிமாணத்தில் வரையும் சாலிட்ஒர்க்ஸ் சாப்ட்வேரில் ரைஸ் மில்லுக்கான நெல் கிளீனர் வரைகிறோம். இரண்டு தட்டுச் சல்லடை, பக்கத்துக்கு ஒரு வைப்ரோ மோட்டார் (சல்லடையை அதிர வைப்பது), மொத்தம் 1,140 பாகம். எல்லாப் பாகமும் சேர்ந்த அசெம்பிளி திறக்க 11 நிமிடம். ஒரு பிராக்கெட்டை 2 மி.மீ நகர்த்தினாலும் 40 விநாடி அப்படியே நின்றுவிடுகிறது.

சல்லடைத் தகடு 1200 × 900, 1.5 மி.மீ எம்.எஸ் (மைல்டு ஸ்டீல்). மேல் தட்டில் 8 மி.மீ வட்டத் துளை, 12 மி.மீ பிட்ச் (துளை மையங்களின் இடைவெளி), 60 டிகிரி. கீழ்த் தட்டில் 1.8 × 20 நீள்துளை, பிட்ச் 4 × 25. சுற்றிலும் 25 மி.மீ விளிம்பு. ஏடிடி 43 மாதிரி சன்ன ரகத்துக்கு ஒரு கீழ்ச் சல்லடை, சி.ஆர் 1009 மாதிரி குண்டு ரகத்துக்கு வேறு.

16 ஜிபி ரேம். ஃபைல் எல்லாம் ஆபீஸ் சர்வரில். குறுவை அறுவடைக்கு முன்னால் டிராயிங் கடைக்குப் போயாக வேண்டும். ரேமை 32 ஆக்கினால் சரியாகுமா?

துவாக்குடி டிசைனர்:
தம்பி, ரேமுக்குக் காசு போடும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு அசெம்பிளியைத் திறங்கள். மெமரி 16-ஐ முட்டாமல் நிற்கிறது, ஆனால் பிராசசரில் ஒரு கோர் மட்டும் ஓடுகிறது என்றால் 32 போட்டும் பிரயோஜனம் இல்லை. ரீபில்ட் (மாற்றத்துக்குப் பின் மாடலை மறுபடி கணக்கிடுவது) பெரும்பாலும் ஒரே கோரில்தான் நடக்கும்.

அடுத்து எவாலுவேட் டேபில் பெர்ஃபார்மன்ஸ் எவாலுவேஷன். எந்தப் பாகம் திறக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று வரிசையாகக் காட்டும். நீங்கள் கொடுத்த அளவை வைத்தே சொல்கிறேன், முதல் இடத்தில் சல்லடைதான் இருக்கும். மேல் தட்டில் சுமார் 7,800 துளை, கீழே சுமார் 9,750. நீள்துளை ஒன்றுக்கு நான்கு பக்கச் சுவர், ஆக கீழ்த் தட்டு மட்டுமே 39,000 முகம். மெஷினின் மற்ற பாகம் எல்லாம் சேர்ந்தாலும் அவ்வளவு வராது.

இந்தத் துளையை நீங்கள் போடப் போவதில்லை. துளைத் தகடு கடையில் ஷீட்டாக வாங்குவது. அதனால் பேட்டர்னை (ஒரு துளையை வரிசையாகப் பெருக்கிய கட்டளை) சப்ரஸ் செய்து தற்காலிகமாக அணைப்பதை விட அழித்துவிடுவது நல்லது. தகட்டை வெறும் பிளேட்டாக வைத்து, ஒரு மூலையில் நாலைந்து துளையை ஸ்கெட்சாக மட்டும் விடுங்கள். டிராயிங்கில் துளை அளவு, பிட்ச், கோணம், விளிம்பு, நீள்துளை எந்தத் திசையில் ஓடுகிறது என்ற குறிப்பு போதும். திசையை விட்டுவிட்டால் தகடு குறுக்காக வந்து நிற்கும். சன்னம், குண்டு இரண்டுக்கும் ஒரே ஃபைலில் இரண்டு கான்ஃபிகரேஷன் (மாற்று வடிவம்) வைத்து, பார்ட் நம்பரும் விவரமும் மட்டும் மாறினால் போதும்.

மன்னார்குடி வரைவாளர்:
சார் சொன்னது சரி, ஆனால் எடையை மறக்கக் கூடாது. துளை இல்லாத தகடு ஒன்றுக்கு 12.7 கிலோ காட்டும். உண்மையில் மேல் சல்லடை சுமார் 8.1, கீழ்ச் சல்லடை 8.7. இரண்டிலும் சேர்த்து 8.6 கிலோ அதிகம். வைப்ரோ மோட்டாரின் விசைக்கோடு அதிரும் பாகத்தின் புவியீர்ப்பு மையம் வழியாகப் போக வேண்டும். மையம் தப்பாகக் கிடைத்தால் மோட்டார் பிராக்கெட்டின் இடமும் தப்பும், நெல் ஒரு பக்கமாகவே ஒதுங்கும்.

மாஸ் ஓவர்ரைடில் எடையை நேராக அடிக்கலாம். ஆனால் நாளைக்குத் தகட்டு அளவு மாறினால் பழைய எண்ணே நிற்கும். அதை விட கஸ்டம் மெட்டீரியல் இரண்டு செய்யுங்கள்: மேல் தட்டுக்கு அடர்த்தி 4,990, கீழே 5,340 (கனமீட்டருக்குக் கிலோ). அளவு மாறினாலும் எடை கூடவே ஓரளவு சரியாக வரும். கீழ்ச் சல்லடை மாறும்போது அதற்கும் கணக்குப் போட வேண்டும்: 7,850-ஐ, துளை போக மிஞ்சும் பரப்பின் விகிதத்தால் பெருக்குங்கள்.

பாபநாசம் பட்டறை:
நன்றி அண்ணா. பேட்டர்னை அழித்ததும் 11 நிமிடம் 3 ஆகிவிட்டது. ஆனால் கீழ்த் தட்டைப் பிடிக்கும் கிளாம்ப் எட்டிலும் மேட் (பாகத்தோடு பாகத்தைப் பொருத்தும் கட்டளை) எரர். பிராக்கெட்டை நகர்த்தினால் 40 விநாடி அப்படியேதான் இருக்கிறது.

மன்னார்குடி வரைவாளர்:
மேட் போட்டபோது துளை விளிம்பைத் தொட்டிருப்பீர்கள், அந்த விளிம்பு இப்போது இல்லை. எரரை ஒவ்வொன்றாக எடிட் செய்து தகட்டின் வெளி முகத்துக்கோ நடு பிளேனுக்கோ (கற்பனைத் தளம்) மாற்றுங்கள். இனி சல்லடைக்கு மேட் போட்டால் பிளேனுக்கு மட்டும்.

துவாக்குடி டிசைனர்:
40 விநாடிக்குக் காரணம் வேறு. திரையின் இடப் பக்க மரத்தில் (பாகங்களின் பட்டியல்) பாகப் பெயருக்குப் பின்னால் அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். அசெம்பிளிக்குள்ளிருந்தே பக்கத்துப் பாகத்தின் விளிம்பைப் பிடித்து வரைந்தால் அது வரும். சைட் பிளேட் பிரேமைப் பிடிக்கிறது, பிரேம் திரும்ப சைட் பிளேட்டைப் பிடிக்கிறது என்றால் வளையம். ஒவ்வொரு ரீபில்டிலும் சுற்றிச் சுற்றிக் கணக்குப் போடும். பெர்ஃபார்மன்ஸ் எவாலுவேஷனில் சர்குலர் ரெஃபரன்ஸ் என்றே காட்டும். முடிந்த பாகத்துக்கு வலது கிளிக், எக்ஸ்டர்னல் ரெஃபரன்சஸ், லாக் ஆல் கொடுத்து அந்தப் பிடிப்பைப் பூட்டுங்கள். இரண்டு பக்கமும் தேவைப்படும் அளவை குளோபல் வேரியபிளாக (பெயர் வைத்த பொது அளவு) வையுங்கள்.

மேட் எல்லாம் டாப் லெவலில் கிடந்தால் அதுவும் இழுக்கும். ஹாப்பர், சல்லடைப் பெட்டி, அடிச் சட்டம், டிரைவ் என்று நாலு சப் அசெம்பிளியாகப் பிரித்து ரிஜிட் (உள்ளே எதுவும் நகராத நிலை) ஆகவே விடுங்கள். ஃப்ளெக்சிபிள் ஆக்கினால் அதன் உள் மேட்டும் மேலே வந்து சேரும்.

மோட்டாரை சப்ளையர் கொடுத்த ஸ்டெப் ஃபைலாகவே (எந்த சாப்ட்வேரிலும் திறக்கும் பொது 3டி வடிவம்) போட்டீர்களா? குளிர்விக்கும் துடுப்பு, எழுத்துப் புடைத்த நேம் பிளேட் எல்லாம் உள்ளே இருக்கும். வெளி உருவம், நாலு மவுண்டிங் துளை, கேபிள் வாய் மட்டும் வைத்து நீங்களே ஒன்று வரைந்து, எடையை கேட்லாக்கில் பார்த்து ஓவர்ரைட் செய்யுங்கள். இங்கே ஓவர்ரைட்தான் பொருத்தம், மோட்டார் மாறப் போவதில்லை. ஈர்ப்பு மையத்தையும் கேட்லாக் படி வையுங்கள். போல்ட்டில் சுருள் மரை வரைந்திருந்தால் அதை எடுத்துவிட்டு காஸ்மெடிக் த்ரெட் (மரையைக் கோடாக மட்டும் காட்டுவது) போடுங்கள்.

கும்பகோணம் சிஸ்டம் சர்வீஸ்:
சர்வரைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. பேக் அண்ட் கோ (அசெம்பிளியின் எல்லா ஃபைலையும் சேர்த்து நகலெடுக்கும் வசதி) போட்டு முழு ஃபோல்டரையும் சி டிரைவுக்கு இறக்கி ஒரு முறை திறந்து பாருங்கள். 3 நிமிடம் ஒன்றாகக் குறைந்தால் நெட்வொர்க்தான். அப்போது வேலையை லோக்கலில் செய்து சாயங்காலம் சர்வருக்கு ஏற்றுங்கள். ஒரே ஃபைலை இருவர் தொடாதபடி யாருக்கு எந்த சப் அசெம்பிளி என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள்.

பாபநாசம் பட்டறை:
லோக்கலில் 50 விநாடி. வளையம் சைட் பிளேட்டுக்கும் ஸ்பிரிங் சீட்டுக்கும் நடுவில் இருந்தது. அறுத்ததும் ரீபில்ட் 4 விநாடி. டிராயிங்கில் செக்‌ஷன் வியூ (வெட்டுத் தோற்றம்) மட்டும் இன்னும் மெதுவாக இருக்கிறது.

துவாக்குடி டிசைனர்:
மரத்தின் உச்சியில் உள்ள டிராயிங் பெயரில் வலது கிளிக் செய்து ஆட்டோமேட்டிக் வியூ அப்டேட்டை எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் முழு ரீபில்டுக்கு கண்ட்ரோல் க்யூ ஒரு முறை. செக்‌ஷனில் போல்ட், மோட்டார், பேரிங் மூன்றையும் வெட்டாமல் விலக்குங்கள். பிடிஎஃப் எடுக்கும் முன் வியூ ஓரத்தில் பழையது என்ற கோடு போட்ட அடையாளம் இல்லையா என்று பார்த்து அனுப்புங்கள்.