விஸ்டா சேவை ஆண்டுக்குப் பிலடெல்பியா செல்லும் மகளுக்கு வாடகை அறை தேடுகிறோம்

கேள்வி — சுகர்லாண்ட் அம்மா

வணக்கம். டெக்சாஸில் பிறந்து வளர்ந்த என் மகள் மே மாதம் பட்டப்படிப்பை முடித்தாள். ஆகஸ்ட் நடுவில் பிலடெல்பியாவிலுள்ள ஒரு தொண்டு நிறுவனத்தில் அமெரிக்க அரசின் சமூக சேவைத் திட்டமான அமெரிகார்ப்ஸ் விஸ்டாவின் கீழ் ஓராண்டுச் சேவையைத் தொடங்குகிறாள். சேவை செய்பவர்கள் அந்த ஊர் ஏழைக் குடும்பங்களின் வருமான அளவிலேயே வாழ வேண்டும் என்பது 1965இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் அடிப்படை என்பதால், வாழ்க்கைப்படியும் வறுமைக்கோட்டை ஒட்டியே இருக்கிறது. வரிக்கு முன் மாதம் ஏறத்தாழ 2,000 டாலர் வரும் என்கிறாள்.

இரண்டு அப்பார்ட்மெண்ட் அலுவலகங்களில் விசாரித்தோம். வாடகையைப் போல மூன்று மடங்கு வருமானம் காட்ட வேண்டும் என்று இரண்டிலும் மறுத்துவிட்டார்கள். அதில் ஒன்றில் 60 டாலர் விண்ணப்பக் கட்டணம் வாங்கிய பிறகுதான் அதைச் சொன்னார்கள். வாடகையை நாங்களே கட்டிவிடத் தயாராக இருக்கிறோம். ஆனால், “அந்தப் பணத்தில் என்னால் வாழ முடியாவிட்டால், நான் யாருக்காகப் போகிறேனோ அவர்களுடைய கஷ்டம் எனக்கு எப்படிப் புரியும், அம்மா?” என்று கேட்கிறாள். அவள் சொல்வது நியாயம் என்றே எனக்கும் படுகிறது. பணம் கொடுக்காமல் லீஸில் (வாடகை ஒப்பந்தத்தில்) கோ-சைனராக, அதாவது அவள் கட்டாவிட்டால் பொறுப்பேற்பவராக, மட்டும் கையெழுத்திடலாமா? எந்தப் பகுதியில், எப்போதிலிருந்து தேட வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 — வைகைக்கரை

சகோதரி, என் மகனும் அதே ஊரில் சேவை ஆண்டை முடித்தவன் என்பதால் எழுதுகிறேன். தனி அப்பார்ட்மெண்ட் தேடுவதை முதலில் நிறுத்துங்கள். இந்தப் படியில் அது கட்டுப்படியாகாது. பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைதான் சரிப்பட்டு வரும். மேற்குப் பிலடெல்பியாவில் பால்டிமோர் அவென்யூவை ஒட்டிய தெருக்களில் மூன்று மாடிப் பழைய வீடுகள் நிறைய உண்டு. நான்கைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, ஒருவர் காலி செய்தால் இன்னொருவரைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். அவர்களில் பெரும்பாலோர் சம்பளச் சீட்டைக் கேட்பதில்லை, பாத்திரம் கழுவுவாளா, இரவில் அமைதியாக இருப்பாளா என்றுதான் கேட்பார்கள். என் மகன் 2022இல் அப்படியோர் அறைக்கு மாதம் 650 டாலர் கொடுத்தான். வாசலிலேயே 34ஆம் எண் டிராலி (இப்போது T2 என்கிறார்கள்) வந்துவிடும், கார் தேவைப்படவில்லை.

பென், டிரெக்சல் பல்கலைக்கழகங்கள் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே பல லீஸ்கள் ஆகஸ்ட், செப்டம்பரில்தான் மாறுகின்றன. ஆகவே உங்கள் மகளுக்குக் காலம் சாதகமாகவே இருக்கிறது. கோடையில் ஊருக்குப் போகும் மாணவரின் அறையைச் சில வாரங்களுக்கு சப்லெட் (உள்வாடகை) எடுத்து, அங்கிருந்தபடியே நேரில் பார்த்து நிரந்தர அறை பிடிப்பது நல்லது.

ஒன்றை மட்டும் மறக்காமல் கேட்கச் சொல்லுங்கள்: வீட்டைச் சூடாக்கும் கேஸுக்குச் சென்ற ஜனவரியில் வந்த பில்லைக் காட்ட முடியுமா? நாங்கள் அதைக் கேட்கவில்லை. தாங்க்ஸ்கிவிங்கிற்கு நான் போனபோது ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் பழைய துண்டைச் சுருட்டிச் செருகியிருந்தான், அப்படியும் படுக்கையில் உட்கார்ந்தால் முதுகில் குளிர்காற்று பட்டது. பனிக்காலத்து மூன்று மாதங்களில் அவன் பங்குக்கு வந்த கேஸ் கட்டணம், மலிவான வாடகையில் மிச்சப்பட்டதையெல்லாம் விழுங்கிவிட்டது. ஹீட்டிங் சேர்த்து 720 கேட்டாலும் தயங்காமல் அந்த அறையையே எடுக்கலாம்.

பதில் 2 — தென்பொதிகை

வாடகையாளர்களுக்கு ஆலோசனை தரும் பணியில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் கோ-சைனர் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். நான்கு பேர் ஒரே லீஸில் கையெழுத்திட்டால், பொதுவாக முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியே பொறுப்பாவார்கள். நீங்கள் கோ-சைனரானால், உங்களுக்கு முகம் தெரியாத ஒருவர் வாடகை கட்டாமல் போனாலும் அந்தச் சுமை உங்கள் மேல் விழக்கூடும். அறைக்கு அறை தனி லீஸ் என்றாலோ, உங்கள் பொறுப்பு மகளின் பங்குக்கு மட்டுமே என்று எழுத்தில் இருந்தாலோ கையெழுத்திடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். அதற்கு முன், சேவைக் காலத்தையும் படித்தொகையையும் குறிப்பிட்டு நிறுவனத்திடம் ஒரு கடிதம் வாங்கி வீட்டுக்காரரிடம் காட்டிப் பாருங்கள். சிறிய வீட்டுக்காரர்கள் பலர் அதை ஏற்றுக்கொள்வதைக் கண்டிருக்கிறேன்.

பிலடெல்பியாவில் வாடகைக்கு விட உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத வீட்டுக்காரருக்கு அந்தக் காலத்து வாடகையை வசூலிக்கும் உரிமையே இல்லை. நகராட்சியின் ‘அட்லஸ்’ இணையதளத்தில் முகவரியைத் தட்டினால் உரிமம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பென்சில்வேனியா சட்டப்படி முதல் ஆண்டில் இரண்டு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்கக் கூடாது. வீட்டைக் காட்டாமலே டெபாசிட்டை அனுப்பச் சொல்லி அவசரப்படுத்துபவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து விலகிவிடுங்கள்.

பதில் 3 — முன்னாள் விஸ்டா

அம்மா, உங்கள் மகள் சொன்னதைப் படித்து மிகவும் நெகிழ்ந்தேன். 2023இல் நானும் அதே பிடிவாதத்துடன்தான் போனேன். இருவரும் அனுபவத்தோடு எழுதியிருக்கிறார்கள். நான் விட்டுப்போனதை மட்டும் சேர்க்கிறேன். லீஸில் இடையில் விலகும் வழி இருக்க வேண்டும், அல்லது சப்லெட் விட அனுமதி இருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் அமெரிகார்ப்ஸ் மானியங்கள் ஏறத்தாழ 40 கோடி டாலர் அளவுக்கு ஒரே வீச்சில் நிறுத்தப்பட்டபோது, நாடெங்கும் சேவையில் இருந்த பலருக்குப் படி நின்றது. லீஸ் மட்டும் நிற்கவில்லை.

மகளுடைய மேற்பார்வையாளரிடம், இந்த ஆண்டு சேவை முடித்துக் கிளம்புபவர் யார் என்று இன்றே கேட்கச் சொல்லுங்கள். எனக்கு முன்பு இருந்தவரின் அறை, மெத்தை, மேசையோடு அப்படித்தான் எனக்குக் கிடைத்தது, நானும் அடுத்து வந்தவருக்கே விட்டுவிட்டு வந்தேன். உணவு உதவித் திட்டமான ஸ்னாப்பிற்குத் தகுதி உண்டா, அதில் விஸ்டா படியை வருமானமாகக் கணக்கிடுவார்களா என்று முன்கூட்டியே விசாரிக்கட்டும். மளிகைச் செலவு குறைந்தால் வாடகைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். தொலைவிலிருந்து இடம்பெயர்பவர்களுக்குத் திட்டமே தரும் பயணப்படி, குடியேற்றப்படி பற்றியும் கேட்டுக்கொள்ளட்டும்.

கேட்டவர் — சுகர்லாண்ட் அம்மா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மேற்பார்வையாளருக்கு நேற்றே எழுதினாள். ஜூலை இறுதியில் காலியாகும் ஓர் அறையைப் பற்றி உடனே பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ளவர்களோடு வீடியோவில் பேசப்போகிறாள். அட்லஸில் முகவரியைப் பார்த்துவிட்டோம், உரிமம் இருக்கிறது. ஜனவரி மாதத்து கேஸ் பில்லைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.